சின்ன ஆபரேஷன்

'அவங்க ரெண்டு பேரும் நகமும் சதையும் மாதிரி' என்று இனிமேல் யாராவது என்னிடம் சொன்னால் நான் சிரித்துத் தலையாட்ட மாட்டேன். ஐயோ பாவம், யாருக்கு எப்போது சீழ் பிடிக்கப் போகிறதோ என்றுதான் நினைப்பேன்.

காரணம், என் வலது கால் பெருவிரல். ஆறு மாதமாக அங்கே நகமும் சதையும் அளவுக்கு மீறி ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன. நகத்தின் ஒரு ஓரம் மெல்ல மெல்லச் சதைக்குள் இறங்கிவிட்டது. முதலில் ஷூ போட்டால் வலித்தது. பிறகு செருப்பு போட்டால் வலித்தது. கடைசியில் ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போனது. நகச்சுத்தி என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவமானத்தை எல்லாம் விவரிக்கப் போவதில்லை. நகச்சுத்தி வேறு, இது வேறு. டாக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "நகம் உள்ள வளருது சார். எடுத்துடலாம். சின்ன ஆபரேஷன்தான்."

சின்ன ஆபரேஷன். கவனித்திருக்கிறீர்களா? இந்த வார்த்தையை டாக்டர் சொல்வார், நர்ஸ் சொல்வார், வீட்டில் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மேசையில் படுத்திருக்கிறவன் மட்டும் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

முதலில் கையில் ஒரு துளி டெஸ்ட் டோஸ். பிறகு பெருவிரலின் அடியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஊசி. அந்த இரண்டுக்கும் நான் போட்ட சத்தம் வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவிக்குக் கேட்டிருக்கிறது. அப்புறம் டாக்டர் ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றார். ஊர், உத்தியோகம், பையன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "குத்தறேன், தெரியுதா?" என்றார். "லேசா" என்றேன். மறுபடி நின்றார். மறுபடி குத்தினார். "இப்ப?" ம்ஹூம். என் விரலே என்னிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் கத்தரியைக் கையில் எடுத்தார். நகம் முழுசாக வந்துவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மரத்துப் போனது தெளிந்த பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்த வலி தனிக்கதை. ஆபீஸுக்கு போன் செய்து நாலு நாள் லீவு கேட்டபோது மறுமுனையில் கேட்ட கேள்வி அதைவிட வலித்தது. "நகம் வெட்டினதுக்கா சார் லீவு?"

ஆக, இரண்டு தலையணை வைத்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள். டி.வி. எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? இந்த நகச் சமாசாரத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் புரட்டலாமே என்று ஆரம்பித்தேன். பி.காம். படித்தவன் வைத்திய சரித்திரம் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. லத்தீன் வார்த்தைகள் மண்டைக்குள் ஏறாது. தேதியும் அளவும் மட்டும் பளிச்சென்று கண்ணில் படும். அப்படிக் கண்ணில் பட்ட ஒரு தேதியும் ஓர் அளவும்தான் இந்தக் கட்டுரை. தேதி, 28 ஜனவரி 1848. அளவு, ஒரு டீஸ்பூன்.

அங்கே போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரவேண்டும்.

நம் ஊர் சுஸ்ருத சம்ஹிதை, நகத்தில் வரும் கோளாறுகளை 'க்ஷுத்ர ரோகம்' என்ற தலைப்பில் போட்டிருக்கிறது. அதாவது சில்லறை வியாதிகள். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது பாருங்கள் இந்த 'சின்ன' விவகாரம். ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த பால் என்கிற கிரேக்க வைத்தியர், நகத்தை மூடிக்கொண்டு வளரும் சதையை வெட்டிவிட்டுச் சூடு போடச் சொன்னார். கி.பி. 1000 வாக்கில் ஸ்பெயினின் கார்டோபாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி 30 பாகங்கள் கொண்ட ஒரு மருத்துவக் கலைக்களஞ்சியமே எழுதினார். அதன் கடைசிப் பாகம் முழுக்க அறுவை சிகிச்சை, கருவிகளின் படங்களோடு. அவருக்கும் பிடித்தமான ஆயுதம் சூட்டுக்கோல்தான்.

இதெல்லாம் பரவாயில்லை. பாரிஸ் நகரில் டுபுய்த்ரான் என்று ஒருவர் இருந்தார். 1777இல் பிறந்து 1835இல் இறந்தவர். ஓட்டல் தியூ ஆஸ்பத்திரியின் தலைமை சர்ஜன். அந்தக் காலத்து ஐரோப்பாவின் நம்பர் ஒன் கத்திக்காரர் என்று தாராளமாகச் சொல்லலாம். ஓட்டல் என்றதும் இட்லி தோசையை நினைத்துவிடாதீர்கள். பாரிஸின் மிகப் பழைய ஆஸ்பத்திரியின் பெயரே அதுதான். உள்ளே வளர்ந்த நகத்துக்கு டுபுய்த்ரான் ஒரு முறை வைத்திருந்தார். நேரான, கூரான கத்தரி. அதன் ஒரு அலகை நகத்தின் நுனியில் அடிப்பக்கமாக, நடு மத்தியில் செருக வேண்டும். ஒரே தள்ளு, நகத்தின் வேர் வரைக்கும். பிறகு கத்தரியை மூட வேண்டும். நகம் இரண்டாகப் பிளந்துவிடும். அப்புறம் குறடால் ஒரு பாதியைப் பிடித்து வெளிப்பக்கமாகச் சுருட்டிப் பிடுங்க வேண்டும். தேவைப்பட்டால் மற்ற பாதியையும்.

மயக்க மருந்து? அதெல்லாம் அப்போது அங்கே கிடையாது.

படித்ததும் என் கால் தானாகத் தலையணையை விட்டு அரை அடி எகிறியது. கட்டு போட்ட விரலில் ஒரு துடிப்பு. கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

டுபுய்த்ரான் இறந்து 11 வருஷம் கழித்து, 16 அக்டோபர் 1846 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்கிற பல் டாக்டர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைக் கொடுத்தார். கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தார்கள். நோயாளி அலறவில்லை. சில மாதங்களுக்குள் செய்தி கடல் தாண்டி ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. மனிதகுலம் அதுவரை கண்ட நல்ல செய்திகளில் முதல் பத்துக்குள் இதைத் தைரியமாக வைக்கலாம்.

ஆனால் ஈதரில் சில இம்சைகள் உண்டு. நாற்றம், இருமல், மயங்குவதற்கு ஆகும் நேரம். இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்காதா என்று தேடியவர்களில் எடின்பரோவின் பிரசவ மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் சிம்ப்சன் ஒருவர். அவருடைய ஆராய்ச்சி முறையே அலாதி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உதவி டாக்டர்கள் இரண்டு பேரோடு மேசையில் உட்கார்ந்துகொள்வார். ஏதாவது ஒரு திரவத்தைத் தம்ளரில் ஊற்றி ஆளுக்கு ஆள் மோந்து பார்ப்பார்கள். 4 நவம்பர் 1847 ராத்திரி மோந்து பார்த்தது குளோரோஃபார்ம். ஒரே கும்மாளம், சிரிப்பு, பேச்சு. அப்புறம் தடாலென்று சத்தம். கண் விழித்துப் பார்த்தால் மூன்று பேரும் தரையில் கிடக்கிறார்கள்.

அவ்வளவுதான். குளோரோஃபார்ம் புயல் மாதிரி கிளம்பிவிட்டது. இனிப்பான வாசனை. கொஞ்சம் போதும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு கைக்குட்டை இருந்தால் போதும். எந்தக் கிராமத்து டாக்டரும் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு நோயாளியின் வீட்டுக்கே போய்விடலாம்.

போனார்கள்.

வடகிழக்கு இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்துக்குப் பக்கத்தில் வின்லாட்டன் என்று ஒரு கிராமம். அங்கே ஹன்னா க்ரீனர் என்று 15 வயதுப் பெண். ஏழை. அந்தக் காலத்து ஊர் வழக்கில் 'தகப்பன் பேர் தெரியாத பிள்ளை.' அவளுக்குக் கால் நகத்தில் தீராத உபத்திரவம். அவள் கதையைச் சொல்லும் பல நூல்கள் உள்ளே வளர்ந்த நகம் என்றே அதைக் குறிப்பிடுகின்றன. சில மாதங்களுக்கு முன்புதான் நியூகாஸில் ஆஸ்பத்திரியில் ஈதர் கொடுத்து ஒரு நகத்தை எடுத்திருந்தார்கள். நல்லபடியாக முடிந்தது. தலை கனத்தது, தலைவலித்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இப்போது இன்னொரு நகம். அதையும் எடுத்தாக வேண்டும்.

அந்தப் பெண் பயந்து கிடந்தாள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. டாக்டர் மெக்கிசன் பிறகு நடந்த விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தில் வருகிறது. ஆபரேஷனை நினைத்து நினைத்து அவள் மருகிக்கொண்டே இருந்தாள், டாக்டர் வந்ததும் தேம்ப ஆரம்பித்தாள்.

28 ஜனவரி 1848. சிம்ப்சன் மேசைக்கு அடியில் விழுந்து 85 நாள்தான் ஆகிறது. வின்லாட்டனில் வீட்டிலேயே ஆபரேஷன். டாக்டர் மெக்கிசனும் அவருடைய உதவியாளர் லாயிடும் வந்திருக்கிறார்கள். ஹன்னாவை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். மெக்கிசன் ஒரு துணியில் ஒரு டீஸ்பூன் குளோரோஃபார்மை ஊற்றி அவள் மூக்கருகே பிடிக்கிறார். இரண்டு மூச்சு இழுத்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள். 'கையை மடியில வெச்சுக்கோம்மா, அமைதியா மூச்சு விடு' என்கிற மாதிரி சொல்கிறார். அவள் கேட்கிறாள். கையை மடியில் வைத்துக்கொள்கிறாள்.

அரை நிமிஷம் போகிறது. கையைத் தூக்கிப் பார்க்கிறார். விறைப்பாக இருக்கிறது. மூச்சு கொஞ்சம் வேகம், மற்றபடி கோளாறில்லை. 'ஆரம்பி' என்று லாயிடிடம் சொல்கிறார். லாயிட் நகத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கத்தியை ஓட்டுகிறார். ஹன்னாவின் கால் உதறுகிறது. அடடா, மருந்து போதவில்லை போலிருக்கிறதே, இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதடுகள் வெளுக்கின்றன. வலிப்பு வந்தவள் போல வாயில் நுரைக்கிறது.

மெக்கிசன் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு முகத்தில் தண்ணீர் அடிக்கிறார். வாயில் தண்ணீர் ஊற்றுகிறார். பிராந்தி ஊற்றுகிறார். கொஞ்சம் கஷ்டப்பட்டு விழுங்குகிறாள். தரையில் படுக்க வைத்துக் கையில் ஒரு நரம்பைக் கீறுகிறார். கழுத்தில் கீறுகிறார். ரத்தம் வரவில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிஷம் இருக்கலாம்.

குளோரோஃபார்ம் கொடுத்து நடந்த ஆபரேஷனில் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் இதுதான். வயிற்றைத் திறக்கவில்லை. காலை எடுக்கவில்லை. ஒரு நகம்.

சில நாட்களில் விசாரணை நடந்தது. ஜான் ஃபைஃப், ராபர்ட் க்ளோவர் என்ற இரண்டு டாக்டர்கள் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். நுரையீரலில் ரத்தம் தேங்கியிருந்தது. குளோரோஃபார்மினால் ஏற்பட்ட விளைவுதான் சாவுக்குக் காரணம், டாக்டர்கள் மீது குற்றமில்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. வழக்கு முடிந்தது.

சண்டை அப்போதுதான் ஆரம்பித்தது.

சிம்ப்சனுக்குத் தன் குளோரோஃபார்மின் மேல் பழி விழுவதைப் பொறுக்க முடியவில்லை. மருந்து கொல்லவில்லை, மயக்கத்தில் இருந்தவள் வாயில் தண்ணீரையும் பிராந்தியையும் ஊற்றினார்களே, அதில் மூச்சுத் திணறித்தான் செத்தாள் என்றார். லண்டனில் இருந்த ஜான் ஸ்னோ ஒத்துக்கொள்ளவில்லை. 1854இல் காலரா தண்ணீர் மூலமாகப் பரவுகிறது என்று ஒரு தெருக் குழாயை வைத்து நிரூபித்தாரே, அதே ஸ்னோதான். மயக்க மருந்து கொடுப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட தொழில். 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவரே. கைக்குட்டையில் ஊற்றினால் ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று யாருக்குத் தெரியும், ஒரே மூச்சில் அதிகமாகப் போனால் இதயம் நின்றுவிடும் என்றார் ஸ்னோ. அளந்து கொடுக்கக் கருவியும் செய்து வைத்திருந்தார். கணக்குப் பிள்ளை புத்தி எனக்கு. அளந்து கொடு என்று சொன்ன மனுஷனின் கட்சியில் நான் சட்டென்று சேர்ந்துவிட்டேன்.

ஆனால் ஸ்னோவின் கணக்கும் முழுசாக உதைக்காமல் இல்லை. ஹன்னாவுக்குப் பிறகு குளோரோஃபார்ம் சாவுகள் தொடர்ந்தன. அதில் ஒரு விசித்திரம். தொடையோடு காலை எடுக்கிற பயங்கர ஆபரேஷன்களில் பிழைத்து எழுந்தவர்கள் ஏராளம். பல் பிடுங்குவது, விரலில் வெட்டுவது, நகம் எடுப்பது போன்ற சில்லறைக் காரியங்களுக்கு வந்த நல்ல ஆரோக்கியமான ஆட்கள், ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் பொசுக்கென்று போய்க்கொண்டிருந்தார்கள். அளவு அதிகமானதுதான் காரணம் என்றால், நிறைய மருந்து வாங்கிக்கொண்டவன் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்?

இதயமா, மூச்சா? எது முதலில் நிற்கிறது? 40 வருஷம் இந்தச் சண்டை ஓயவில்லை. அது ஒரு கட்டத்தில் நம் பக்கத்து ஊருக்கே வந்து சேர்ந்தது என்றால் நம்புவீர்களா? ஹைதராபாத். அங்கே ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, சிம்ப்சன் பரம்பரை. அதாவது எடின்பரோ கட்சி. மூச்சைப் பார், நாடியை மறந்துவிடு என்பது அவர் வேதம். நிஜாம் மஹபூப் அலி கான் ஆதரவில் 1888இல் ஒரு குளோரோஃபார்ம் கமிஷன் போட்டார். குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாக நிறுத்துவதில்லை என்று முடிவு சொன்னார். லண்டனில் 'லான்செட்' பத்திரிகை சிரித்தது. நிஜாம் சளைக்கவில்லை. ஆயிரம் பவுண்ட் தருகிறேன், உங்கள் ஆளையே அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். லாடர் ப்ரண்டன் என்ற பெரிய நிபுணர் கப்பலேறி வந்தார். 1889 கடைசியில் இரண்டாவது கமிஷன். நூற்றுக்கணக்கில் நாய்கள், குரங்குகள், இன்னும் என்னென்னவோ ஜீவன்கள். பாவம். லாரிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த ப்ரண்டனே கடைசியில் லாரி சொன்னது சரி என்று தந்தி அடித்தார்.

(இந்த லாரியிடம் படித்து, கமிஷன் வேலைகளிலும் பங்கெடுத்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி உலகின் ஆரம்பகாலப் பெண் மயக்க மருந்து டாக்டர்களில் ஒருவர். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும். ஞாபகப்படுத்துங்கள்.)

ஹைதராபாத் முடிவு தப்பு. அது நிச்சயமாகத் தெரிய மேலும் 22 வருஷம் ஆயிற்று.

1911. லண்டனில் குட்மன் லெவி என்ற டாக்டர் பூனைகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த பூனைகளின் இதயம் ஒழுங்காக ஓடியது. லேசான மயக்கத்தில், அரைகுறையாக இருந்த பூனைகள்தான் திடீரென்று செத்தன. இதயம் மெல்ல நிற்கவில்லை. அதன் கீழறைகள் தாளம் தப்பி, துடிப்பதற்குப் பதிலாகச் சும்மா நடுங்கின. நடுங்குகிற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. எது அதைத் தூண்டுகிறது என்றும் லெவி கண்டுபிடித்தார். அட்ரினலின். பயத்திலும் வலியிலும் நம் உடம்பு தானாகச் சுரந்துகொள்கிற அதே அட்ரினலின். கொஞ்சம் குளோரோஃபார்ம், நிறைய அட்ரினலின். இந்தக் கூட்டணிதான் ஆளைக் கொன்றது.

இப்போது வின்லாட்டன் நாற்காலியைத் திரும்பப் பாருங்கள். சின்ன ஆபரேஷன்தானே என்று கொஞ்சமாக மருந்து. சின்ன ஆபரேஷன்தானே என்று அரை நிமிஷத்தில் கத்தி. மயக்கம் பாதிதான் ஏறியிருக்கிறது. அழுது அழுது அட்ரினலின் ஏற்கெனவே உடம்பெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சுரீரென்று விரலில் ஒரு வெட்டு. கால் உதறுகிறது. அந்த உதறல் ஒரு தகவல். இந்தப் பெண்ணுக்கு இன்னும் வலி தெரிகிறது என்ற தகவல்.

காலை எடுக்கப் படுத்தவனுக்கு ஆழமாக மயக்கம் கொடுத்தார்கள், பிழைத்தான். நகம் எடுக்க உட்கார்ந்தவளுக்கு லேசாகக் கொடுத்தார்கள், போய்விட்டாள். ஹன்னாவின் இதயத்தை அந்த நிமிஷத்தில் பதிவு செய்ய அன்றைக்கு ஈ.சி.ஜி. கிடையாது. ஆகவே பிராந்திக் கட்சிக்கு இன்றும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனாலும் இன்றைய மயக்க மருந்து நிபுணர்களில் பலர் லெவியின் பக்கம்தான் சாய்கிறார்கள். 1848இல் கேட்ட கேள்வி. 1911இல் பதில். நடுவே 63 வருஷம்.

அதற்குள் நகத்தைப் பொறுத்தவரை உலகம் வேறு வழியில் போய்விட்டது. ஒரு விரலுக்காக ஆளையே ஏன் தூங்கவைக்க வேண்டும்? நகத்தால் கிள்ளுவதற்குக் கோடாலி எதற்கு என்பார்களே, அந்தக் கதை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகிறது என்று காட்டினார். சில வருஷங்களுக்குள் ஜெர்மனியில் ஓபர்ஸ்ட் என்பவர் விரலின் அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் ஊசி போட்டு அந்த விரலை மட்டும் மரக்கச் செய்தார். எனக்குப் போட்டார்களே இரண்டு ஊசி, அந்த வித்தைக்கு இன்றும் அவர் பெயர்தான். கொக்கெய்னில் அடிமைப் பழக்கம் என்ற ஆபத்து இருந்தது. பிறகு ஆபத்து குறைந்த மருந்துகள் வந்தன. 1943இல் ஸ்வீடனில் லோஃப்கிரன், லுண்ட்குவிஸ்ட் என்ற இரண்டு ரசாயன ஆசாமிகள் புதிதாக ஒன்றைத் தயாரித்தார்கள். லுண்ட்குவிஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டார். 1948இல் கடைக்கு வந்தது. சைலோகைன். பல் டாக்டரிடம் போனவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஹன்னா இறந்து சரியாக நூறாவது வருஷம்.

என் விரலில் இன்னொரு மருந்தும் தடவினார்கள். ஃபீனால். 1860களில் புண்ணில் சீழ் பிடிக்காமலிருக்க லிஸ்டர் பயன்படுத்திய அதே கார்பாலிக் அமிலம். நகத்தைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பலருக்கு அது திரும்பவும் வளர்ந்து, திரும்பவும் சதைக்குள் இறங்கும். 1945இல் அமெரிக்காவில் ஓட்டோ போல் என்ற கால் வைத்தியர், உள்ளே இறங்குகிற அந்த ஓரத்தின் வேரை மட்டும் ஃபீனாலால் பொசுக்கிவிடும் முறையை எழுதினார். அந்த ஓரத்தில் இனி நகம் முளைக்காது. நடுப்பகுதி மட்டும் வளரும். பொசுக்கிய இடம் ஆற நாளாகும், வாரக்கணக்கில் நீர் கசியும். பதறாதீர்கள். நான் பதறி, மூன்றாம் நாளே டாக்டருக்கு போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்களில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடக்கப் போகிறதென்றால் அனுபவஸ்தன் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் காலை இறக்காதீர்கள். இறக்கினால் விரலுக்குள் யாரோ தவில் வாசிப்பார்கள். கட்டுத் துணி புண்ணில் ஒட்டிக்கொண்டால் வீரம் காட்டி இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் தானாக வரும். முன்பக்கம் திறந்த பெரிய செருப்பாக ஒன்று தேடி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இனிமேல் கால் நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து வளைத்து அழகு பார்த்ததுதான் நான் செய்த தப்பு.

நகம் எப்போது திரும்ப வரும்? இதற்கும் ஒரு ஆள் கணக்கு எழுதி வைத்திருக்கிறார், எங்கள் ஜாதி மனுஷன். வில்லியம் பீன் என்ற அமெரிக்க டாக்டர். 1941இல் தன் கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறினார். அது நுனிக்குப் போய்ச் சேர எத்தனை நாள் என்று குறித்தார். பிறகு மாதாமாதம் ஒரு கோடு. 35 வருஷம்! 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம் 67 வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது என்று 1980இல் கட்டுரை வெளியிட்டார். அது கை நகம். கால் நகம் அதில் பாதி வேகம்தான், மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். முழுசாக வளர ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம். எனக்கு அடுத்த தீபாவளிக்குள் வந்தால் அதிர்ஷ்டம்.

பத்தாம் நாள் கட்டு பிரிக்கப் போனேன். டாக்டர் உப்புத் தண்ணீரை ஊற்றித் துணியை மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"டாக்டர், அன்னிக்கு ஊசி போட்டுட்டு எதுக்கு அவ்வளவு நேரம் பேசிக்கிட்டு நின்னீங்க?"

"மரக்கணும் இல்ல? அதுவுமில்லாம உங்க பல்ஸ் அன்னிக்கு 120. ஓடிடுவீங்களோன்னு பார்த்தேன்" என்றார்.

நான் ஹன்னா க்ரீனரைப் பற்றி ஆரம்பித்தேன். வின்லாட்டன், அரை நிமிஷம், டீஸ்பூன். அவர் நிமிரவில்லை. துணியின் கடைசிச் சுற்றை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ஹன்னா க்ரீனரா? மயக்க மருந்து பேப்பர்ல வரும் சார். ரெண்டு மார்க்."